தொப்புளுக்கு வந்த தையல்

"அப்பாரு, எனக்கு டைட்டில் ஓகே ஆயிருச்சுங்"ன்னு வெடியால வெடியால லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து நின்னான் என்ற பேரன். மேக்கால தோட்டத்துப் பத்திரம் ஏதோ கிளியர் ஆயிருச்சாட்ட இருக்குதுன்னு நானும் கயித்துக் கட்டல்ல எந்திரிச்சு உக்காந்தேன். பாத்தா, எம்.டெக் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு.

"செரி, படி கேப்போம்."

"இன்டெக்ரேட்டட் ஐஓடி அண்ட் மெஷின் லேர்னிங் பேஸ்டு ஸ்மார்ட் ஆப்டிமைசேஷன் பார் சஸ்டெயினபிள் நிட்வேர் குவாலிட்டிங்."

இன்னொருக்கா சொல்லச் சொன்னேன். ரண்டாந் தடவை அவனுக்கே நடுவுல ஒரு வார்த்தை காணாமப் போயிருச்சு.

"இதுல துணி எங்கடா இருக்குது?"

"கடைசில நிட்வேர்னு வருதுங் அப்பாரு."

"செரி செரி. பந்தியில ஒறம்பரைக்கெல்லாம் எடம் குடுத்துட்டு மாப்பிள்ளையக் கடைசி எலையில உக்கார வெச்சாப்பல."

என்ற யோக்கியதையையும் சொல்லிப் போடறேன், பொறவு யாரும் கேக்கக் கூடாது பாருங்க. நான் படிச்சது அஞ்சாங் கிளாஸு, அதுலயும் பாதி. எழுபதுகள்ல பனியன் கம்பெனிக்குக் கைமடியா வந்தேன். கைமடின்னா டெய்லருக்குப் பக்கத்துல உக்காந்து துணிய எடுத்துக் குடுத்து, தெச்சத மடிச்சு, நூலக் கத்தரிச்சு, ஊடால ஏச்சும் வாங்கற சோலி. அப்பறம் நிட்டிங் மிசின்ல நின்னேன். கடைசியா ரண்டு மிசினு சொந்தமாப் போட்டு ஜாப் ஒர்க் ஓட்டுனேன். இப்ப மிசினும் இல்லை, முட்டியும் இல்லை. வாய் மட்டும் ஓடுது. அதுக்குக் கரண்டு பில்லு வராது பாருங்க, அதனால நிறுத்தறதில்லை.

அன்னைக்கு நான் போட்டிருந்தது திருப்பூர் காதர்பேட்டையில வாங்குன எக்ஸ்போர்ட் மிச்சம், ஒரு டீ-சர்ட்டு. நாலு தொவையல் கண்டுருச்சு. பக்கத் தையல் அக்குள்ல யோக்கியமாத்தான் கெளம்புது. கீழ வர வரப் புத்தி மாறி, இடுப்புக்கு வரும்போது தொப்புளப் பாத்து வந்து நிக்குது. தையலப் புடிச்சு இழுத்துக் காட்டுனேன்.

"இது என்ன கண்ணு?"

"ஸ்பைராலிட்டிங் அப்பாரு."

"பேரு வெச்சாச்சு. எதுக்கு வருது?"

"நூல்ல முறுக்கு இருக்குதுங். தொவைச்சா அது பிரியப் பாக்கும். அப்ப கண்ணி சாஞ்சுக்குமுங். வட்ட மிசின்ல ஃபீடர் எச்சா இருந்தா துணியே சுத்திச் சுத்தி ஏணியாட்ட ஏறும், அதுவும் ஒரு காரணமுங்."

படிச்ச புள்ளைதான், கொறை சொல்ல முடியாது.

"செரி. இந்தச் சட்டையில எவ்வளவு வந்திருக்குது?"

பதில் இல்லை. லேப்டாப்பத் தொறக்கப் போனான்.

"அதுல இல்லடா. இங்க, என்ற வகுத்து மேல இருக்குது."

உள்ளார போயி ஆத்தாளோட டெய்லர் டேப்ப எடுத்துட்டு வந்தான். சட்டையக் கழட்டிக் கட்டல்ல விரிச்சோம். அக்குள்ல இருந்து கீழ் விளிம்பு வரைக்கும் 42 சென்டிமீட்டர். தையல் வந்து நிக்க வேண்டிய மடிப்புல இருந்து வெலகி நிக்கறது 5. நூத்துக்குப் பன்னண்டு. 5 சதவீதத்துக்கு மேல போனாலே பையர் மூஞ்சியச் சுளிப்பான். இந்தச் சட்டை எதுக்குக் காதர்பேட்டைக்கு வந்துச்சுன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. வாங்கும்போது கடைக்காரர் "சைஸ் மிஸ்டேக்குங்க"ன்னாரு.

இதுல ஒரு வேடிக்கை இருக்குது. நம்மூரு பழைய கையில்லாத பனியன் இருக்குது பாருங்க, அதுக்குப் பக்கத் தையலே கெடையாது. ஒடம்பு அளவுக்கு உருளையா ஓட்டி அப்படியே வெட்டறது. அந்தத் துணியும் திருகத்தான் செய்யும். ஆனாக் காட்டிக் குடுக்கறதுக்குத் தையல் இல்லை, மானம் தப்பிச்சுக்குது. என்ற பேரன் தலைப்பும் அந்த வகைதான். எங்க திருகுச்சுன்னு யாரும் கண்டுபுடிக்க முடியாது.

அவன் கொஞ்சம் மொகம் சுருங்குனான். போச்சாது போன்னு நானும் விட்டுட்டேன். மத்தியானம் கோழிக் கொழம்பு உள்ள போனதும் தானாவே வந்து, "அப்பாரு, ஸ்பைராலிட்டியவே எடுத்துக்கலாமுங்களா?"ன்னான்.

எடுத்துக்கோடா ராசா. ஆனா எடுத்ததும் உங்காளுக பண்ற மொதக் காரியம் ஒண்ணு இருக்குது பாரு, கலர் கலராக் கட்டம் போடறது. அஞ்சு நிமிசத்துல போட்டே போட்டுட்டான். ஜூலையில தலைப்பு, ஆகஸ்ட், செப்டம்பர் படிப்பு, அக்டோபர், நவம்பர்ல நூல் வாங்கித் துணி ஓட்டறது, டிசம்பர்ல ரிவ்யூ, ஜனவரியில இருந்து டெஸ்ட்டிங், மே மாசம் வைவா. மூணாவது செமஸ்டர் ஃபேஸ் ஒண்ணு, நாலாவது செமஸ்டர் ஃபேஸ் ரண்டு. பாக்கறதுக்குக் காங்கேயம் ரேக்ளாப் பந்தயக் காளைக்குப் பொட்டு வெச்சாப்பல அழகா இருந்துச்சு.

"எல்லாம் இருக்குது. தீபாவளியக் காணோமே?"

"அது லீவுதானுங்."

"உனக்கு லீவு. திருப்பூருக்கு?"

தீபாவளி வந்தா இந்த ஊர்ல மதுரை, தேனி, தெக்கத்திச் சனமெல்லாம் பஸ் ஏறிரும். பீகார், ஒடிசாப் பசங்க ரயில் ஏறிருவாங்க. போனவங்க திரும்பி வந்து மிசின் சூடேற பத்து நாளு. அதுக்கு முந்தி இருக்கற பதினஞ்சு நாளு இருக்குது பாருங்க, அப்ப எந்த நிட்டிங்காரன்கிட்டயாவது போயி, "அண்ணா, எனக்கு அஞ்சு கிலோ ஓட்டிக் குடுங்க, காலேஜ் புராஜெக்ட்டு"ன்னு சொல்லிப் பாரு. அவன் வாயில வர்றத எழுதுனாலே ஒரு தீசிஸு தேறும். எங்க ஊரு மெர்ச்சண்டைசர் புள்ளைக கப்பல் கெளம்பற தேதிய மொதல்ல எழுதிட்டு, அதுல இருந்து பின்னால பின்னால எண்ணிட்டு வரும். பேக்கிங் என்னைக்கு, தையல் என்னைக்கு, வெட்டு என்னைக்கு, சாயம் என்னைக்கு, நூல் என்னைக்குன்னு. நீங்க மட்டுந்தான் கண்ணுகளா இன்னைக்குல இருந்து முன்னால எண்ணறீங்க. ஆடி மாசத்துல இருந்து எண்ணுனா வைகாசி எப்பவும் தூரமாத்தான் தெரியும்.

அடுத்தது அவன் போட்ட கணக்கு. நூல் கவுண்ட் மூணு விதம், முறுக்கு மூணு விதம், லூப் நீளம் மூணு விதம். மூணும் மூணும் மூணும் பெருக்குனா 27 துணி. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு துண்டு, 135. ஒவ்வொரு துண்டையும் அஞ்சு தடவை தொவைக்கோணும். ஆக 675. மிசினுக்குப் பத்துப் பத்தாப் போட்டாலும் 68 ஓட்டம். தொவைச்சு, காய வெச்சு, ஒரு ராத்திரி ஆற விட்டு, அளந்து, மறுபடியும். அந்த மிசினு அவன் காலேஜ்ல ஒண்ணே ஒண்ணு. மார்ச் மாசம் அதுக்கு முன்னாடி நிக்கற வரிசை, ரேசன் கடையில பாமாயில் வந்த அன்னைக்கு நிக்கற வரிசையாட்ட இருக்குமாமா.

"வண்ணாத்துறைய வெலைக்கு வாங்கீட்டியாடா?"ன்னேன்.

"டாகுச்சி எல்-9 பண்ணுனா ஒம்பதே துணியில முடிஞ்சுருமுங் அப்பாரு."

எதுத்த ஊட்டு ரிடையர்டு கணக்கு வாத்தியாரு திண்ணையில உக்காந்து கேட்டுட்டிருந்தாரு. அவருதான் தலைய ஆட்டுனாரு. ஒம்பதுல முடியும், வாஸ்தவம். ஆனா முறுக்கும் லூப் நீளமும் கூட்டுச் சேந்து பண்ற வேலை தனியாத் தெரியாது, ஒண்ணோட குத்தம் இன்னொண்ணு தலையில விழும். அண்ணந் தம்பி ஓரியாட்டத்துல பங்காளி மேல கேசு போட்டாப்பல. முறுக்கு எச்சா இருந்து லூப்பு தளர்ச்சியா இருந்தாத்தான் திருகல் ஆடும். இறுக்கமான துணியில அது ஆடறதுக்கு எடமில்லை. அந்தக் கூட்டுத்தானே இங்க கதையே? ஒரு காரணத்தக் கழட்டி வெச்சுட்டு, மிச்சம் ரண்டையும் முழுசாப் பாருங்கன்னாரு. ரண்டுன்னா ஒம்பதே வரும். ஒம்பதுக்கு ஒம்பது, மறைவு கெடையாது.

அதுக்கும் மேல ஒண்ணு நான் கேட்டேன். "முறுக்கு மூணு விதமா யாரு குடுப்பா?"

"மில்லுல கேக்கோணுமுங்."

கேளு. உனக்கு வேண்டிய பத்துக் கிலோவுக்காக எந்த மில்லுக்காரன் ரிங் ஃப்ரேம நிறுத்திக் கியர மாத்துவான்? ஓசரி நூலுன்னா முறுக்கு கம்மியாத்தான் போடுவாங்க. தறிக்குப் போற பாவு நூலுக்குத்தான் எச்சா. கடையில கெடைக்கற 30-ஆம் நம்பர் ஓசரி நூல் எல்லாம் ஏறக்குறைய ஒரே முறுக்குத்தான். ஆக, அவன் கட்டத்துல இருக்கற மூணுல ஒண்ணு அவன் கையிலயே இல்லை. இது செப்டம்பர்ல தெரிஞ்சா வேற வழி தேடலாம், காலேஜ்லயே சின்ன ஸ்பின்னிங் ஃப்ரேம் இருக்குதான்னு பாக்கலாம், தெரிஞ்ச மில்லுல தொங்கலாம். பிப்ரவரியில தெரிஞ்சா? அப்பத்தான் இந்த ஐஓடி, மெஷின் லேர்னிங் எல்லாம் கைகுடுக்கும்.

இப்ப என்ற சொந்தக் கெட்ட காலத்தச் சொல்றேன், சிரிக்காமக் கேளுங்க. தொண்ணூறுகள்ல ஒரு வெளிநாட்டு ஆர்டரு, ஒரு கம்பெனி மூலியமா வந்துச்சு. ரண்டு டன்னு துணி, வெள்ளையில சிங்கிள் ஜெர்சி. மிசின்ல இருந்து எறங்கும்போது துணி முருகன் கோயில் திருநீறாட்ட இருந்துச்சு. "ஒரு கிலோவ வெட்டித் தொவைச்சுப் பாத்துரலாமுங்களா?"ன்னு மிசின்ல நின்ன பையன் கேட்டான். நான்தான் பெரிய மனுசனாச்சே. "முப்பது நாளும் இதுலயே நிக்கறேன், எனக்குத் தெரியாதா?"ன்னு முழுசையும் ஓட்டிப் போட்டேன். பாதியில நூல் தீந்து போயி வேற ஒரு மில்லுல இருந்து வாங்கிக் கலந்தது தனிக் கூத்து. சாயப்பட்டறையில இருந்து திரும்பி வந்தா, ஒரு பாதி திருகி நிக்குது, இன்னொரு பாதியில குறுக்க குறுக்கப் பட்டை. லாட் மிக்ஸிங். கம்பெனி டெபிட் போட்டுது. துணி கிலோ கணக்குல போச்சு. அந்த வருசம் எங்க ஊட்டுல பொங்கலுக்கு எடுத்த புதுத் துணியும் அதுலதான்.

கேட்ட பையன் இப்ப நாப்பது மிசின் வெச்சிருக்கான். என்னைப் பாத்தா வண்டிய நிறுத்தி எறங்கிக் கும்பிடுவான். எனக்குத்தான் சங்கடம்.

அதுக்குத்தான் கண்ணுகளா சொல்றேன். இந்த ஊர்ல ஒரு கலர் போடறதுன்னா மொதல்ல லேப் டிப்பு, உள்ளங்கை அகலத் துணி. ஓகே வந்தாத்தான் அடுத்தது. தெக்கறதுன்னா ஒரு சாம்பிள், அப்பறம் சைஸ் செட், அப்பறம் பிபி, அதாவது பிரீ-புரொடக்சன் சாம்பிள், பையர் கையெழுத்துப் போட்டு முத்திரை வெச்ச பொறவுதான் பல்க்கு. அஞ்சாங் கிளாஸ் படிச்சவனெல்லாம் இதத் தவறாமப் பண்றான். அவன் பெத்த புள்ளை எம்.டெக் போயி, எட்டு மாசம் படிச்சு, கட்டம் போட்டு, ரண்டு ரிவ்யூ குடுத்து, ஏப்ரல் மாசம் நேராப் பல்க்குல எறங்கறான். ஒரு கெட்டுப்போன சாம்பிளை மொத மாசமே போட்டுப் பாக்கறதுக்கு என்ன கேடு? கெட்டுப் போகோணும்னுதான் அதப் போடறதே.

இதக் கேட்டதும் அவன் நல்லாக் கேட்டான்: "ஒரு துண்டு, ரண்டு துண்டு வெச்சு ஆராய்ச்சின்னு ஒத்துக்குவாங்களாங்?"

வாத்தியாரு எந்திரிச்சே நின்னுட்டாரு. டப்ளின்ல கின்னஸ்னு ஒரு பீரு கம்பெனி. அதுல காசெட்னு ஒரு ஆளு, வில்லியம் சீலி காசெட்டு, பார்லியையும் பீரையும் சோதிக்கற வேலையில இருந்தாரு. அங்கயும் நெறையாச் சாம்பிள் எடுக்க முடியாது. நாலு, அஞ்சு, பத்து, அவ்வளவுதான். கொஞ்சம் அளவ வெச்சு எவ்வளவு தூரம் நம்பலாம்னு அவரு ஒரு கணக்குக் கண்டுபுடிச்சு 1908-ல வெளியிட்டாரு. சொந்தப் பேருல எழுதக் கம்பெனி விடலை. அதனால ஸ்டூடண்ட்னு புனைபேரு வெச்சுக்கிட்டாரு. உங்க பொஸ்தகத்துல வர்ற ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்டு அதுதான். "மாணவன்னு பேரு வெச்சுக்கிட்டவரு ஒழுங்கா அளந்தாரு"ன்னு நிறுத்திட்டு என்ற பேரனைப் பாத்தாரு வாத்தியாரு. அந்த ஆளுக்கும் கோயமுத்தூர்க் குசும்பு உண்டு.

ஒழுங்கா அளக்கறதுன்னா என்னன்னு நான் காட்டுனேன். அதே டீ-சர்ட்டு. கீழ் மடிப்புத் தையலப் பிரிச்சு, பேனாவுல ஒரு கோடு. அங்கிருந்து 100 கண்ணி எண்ணி இன்னொரு கோடு. மூக்குக் கண்ணாடிய ரண்டு தடவ தொடைச்சு, ஊசி மொனையில தள்ளித் தள்ளி எண்ணோணும். ரண்டு கோட்டுலயும் பிளேடு போட்டு, ஓரத்துல ஒரு நூல உருவுனா, கொக்கி கொக்கியா நெளிஞ்சுக்கிட்டே வரும், ஆட்டுக்குட்டி வாலாட்ட. அத ஸ்கேல் மேல வெச்சு நேராக்கோணும். இங்கதான் சூட்சுமம். நெளிவு போற அளவுக்குத்தான் இழுக்கோணும். நூல் நீளற அளவுக்கு இழுத்தாப் பொய் சொல்லும். 28 சென்டிமீட்டர் வந்துச்சு. நூறால வகுத்தா ஒரு லூப்புக்கு 2.8 மில்லிமீட்டர். பேரன் அதையே இழுத்தான், 29 வந்துச்சு. மறுபடியும் இழுத்தான், 28.4. ரண்டு ஆளு மூணு தடவ அளந்தா நூலு ஒண்ணு, பதில் மூணு. உன்ற மெஷின் லேர்னிங்குக்குத் தீனி போடப் போறது இந்தப் பதிலத்தான் கண்ணு.

அவனும் விடலை. 1959-லயே மண்டன்னு ஒருத்தர், இங்கிலாந்து நாட்டிங்காம்ல ஓசரி ஆராய்ச்சி நிலையத்துல இருந்தவரு, துணிய நல்லா ஆற விட்டா சதுர அங்குலத்துல எத்தனை கண்ணி இருக்குங்கறத லூப் நீளம் ஒண்ணுதான் முடிவு பண்ணுதுன்னு காட்டிட்டாருங்கன்னான். லூப்ப ரண்டு மடங்கு நீளமாக்குனா கண்ணி நாலுல ஒண்ணாக் கொறையுமாமா. அட, மிசின்ல புல்லியத் திருகித் திருகி நாங்க முப்பது வருசமாப் பண்ணுனது இதுதானாடான்னு எனக்கும் ஆச்சரியமாப் போச்சு. லிட்ரேச்சர் சர்வேங்கறது வீண் வேலை இல்லைன்னு அன்னைக்கு ஒத்துக்கிட்டேன். ஆனா அந்த மண்டனும் "ஆற விட்டா"ன்னுதான் சொல்லியிருக்காரு, அத மறந்துராதே.

ஆற விடறதுன்னதும் இன்னொண்ணு. ஜிஎஸ்எம் கட்டர் தெரியுமில்ல, துணி மேல வெச்சுத் திருகுனா வட்டமா வெட்டற டப்பி. சரியா 100 சதுர சென்டிமீட்டர். வெட்டுன வட்டத்த எடை போட்டு நூறால பெருக்குனா சதுர மீட்டர் எடை. ரொம்பச் சுலபம். ஆனாப் பருத்தி குடிகாரனாச்சே. நூத்துல 65 பங்கு ஈரப்பதம் இருக்கற காத்துல, காஞ்ச எடைக்கு எட்டரை சதவீதம் தண்ணிய உள்ள வெச்சிருக்கும். மழை பேஞ்சு காத்து நெனைஞ்சா பதினொண்ணுக்கு ஏறிக்கும். அதே 160 ஜிஎஸ்எம் துணி, ஐப்பசியில 163, 164 காட்டும். சித்திரை வெய்யல்ல எறங்கும். அதுக்குத்தான் 27 டிகிரி, 65 சதவீதம்னு ரூம் போட்டு வெச்சிருக்காங்க. சாம்பிள் 1 முதல் 12 வரைக்கும் நவம்பர்ல கட்டில் மேல அளந்துட்டு, 13-ல இருந்து ஏப்ரல்ல ஃபேனுக்கடியில அளந்துட்டு, "லூப் நீளத்தின் தாக்கம் குறிப்பிடத்தக்கது"ன்னு எழுதறீங்களே, அது லூப்போட தாக்கம் இல்லை கண்ணுகளா, வருண பகவானோட தாக்கம். காலேஜ் ரூம்ல ஏசி ஓடுதான்னு மொதல்ல பாருங்க. இல்லைன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டி ஒரே வாரத்துல கோயமுத்தூரு சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்துல குடுத்து அளந்துருங்க. 1956-ல இருந்து அவங்களுக்கு இதே சோலிதான்.

சாம்பிள்னதும் ரண்டு பேரச் சொல்லோணும்.

கோயமுத்தூரு அருணாசலம் முருகானந்தம். பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டவரு, ஒர்க்‌ஷாப்ல வேலை. பொம்பளைகளுக்கான நாப்கின் கொறஞ்ச வெலையில பண்ணோணும்னு பஞ்சுல செஞ்சு செஞ்சு பாத்தாரு, சரியா வரலை. போட்டுப் பாத்துச் சொல்ல ஆளில்லைன்னு பந்து பிளாடர்ல ஆட்டு ரத்தத்த ஊத்தி, தானே இடுப்புல கட்டிக்கிட்டு நடந்தாரு. வருசக்கணக்குல சுத்துன பொறவுதான் பெரிய கம்பெனிக உள்ள வைக்கறது பஞ்சு இல்லை, மரக்கூழு நாருன்னு தெரிஞ்சுது. 2006-ல சென்னை ஐஐடியில கொண்டு போயிக் காட்டுனாரு, 2016-ல பத்மஸ்ரீ. அவருக்கு ரிவ்யூ கமிட்டி கெடையாது. ஊரே கமிட்டி, ஊரே சிரிச்சுது. உனக்கு மூணு புரொபசர் முன்னால பத்து நிமிசம் நிக்கறதுக்குக் கால் நடுங்குது.

இன்னொரு பேரு ஆளோடது இல்லை, ஊரோடது. அருள்புரம். 2011 ஜனவரி 28 உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அப்ப நீங்க டவுசர். கழிவத் துளியும் வெளிய விடக்கூடாதுங்கற உத்தரவ நிறைவேத்தாத சாயப்பட்டறைக, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாத்தையும் மூடச் சொல்லிச் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பு. ஊரே கப்சிப்புன்னு ஆயிருச்சு. துணிய லாரியில ஏத்தி வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டோம். பிரச்சினை கலர்ல இல்லை, உப்புல. அடர் கலர் போடோணும்னா லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புப் போடோணும். அந்த உப்பு துணியில ஒட்டாது. சாயத்தத் துணிகிட்டத் தள்ளி விட்டுட்டு, கல்யாணத் தரகராட்ட அது பாட்டுக்கு வெளிய வந்துரும். ஆர்.ஓ. போட்டுத் தண்ணியப் பிரிச்சாலும், உப்பெல்லாம் சேந்த கெட்டித் தண்ணி மிச்சம் நிக்கும். அத வெறகு எரிச்சுக் காய்ச்சிக் காய்ச்சியே பாதிப் பேரு கடன்ல விழுந்தாங்க. அப்பறம் ஒரு யோசனை: அந்த உப்புத் தண்ணியவே சுத்தம் பண்ணி மறுபடியும் சாயத் தொட்டியில ஊத்துனா என்ன? சாயத்துக்கு உப்பு வேணுமில்ல? அருள்புரம் நிலையத்துல மொதல்ல ஓட்டிப் பாத்தாங்க. ஒரு சாம்பிளு. அது நின்ன பொறவுதான் மத்ததுக்குப் போச்சு.

அந்தச் சாம்பிள எம்பதுகள்லயே போட்டிருக்கலாம். நாங்க நேராப் பல்க்குல எறங்குனோம். 1992-ல பாசனத்துக்குன்னு தொறந்த ஒரத்துப்பாளையம் அணையில வந்து நின்னது எங்க சாயத் தண்ணி. எங்க தீசிஸு அங்கதான் இருக்குது, பைண்டிங் பண்ணி. கீழ்க்காட்டு வெவசாயிக படிச்சுப் பாத்துட்டுக் கோர்ட்டுக்குப் போனாங்க. இதுல நான் நையாண்டி பண்றதுக்கு ஒண்ணுமில்லை, மேல போலாம்.

கைடு பத்தி நாலு வார்த்தை. அவரத் தேடிப் போறது எப்படின்னா, வாரம் ஒருக்கா, கையில ஏதாச்சும் ஒண்ணு எடுத்துட்டுப் போகோணும். ஒரு அளவு, ஒரு கெட்டுப்போன துண்டு, ஒரு சந்தேகம். வெறுங்கையோட போனா அவரும் வெறும் வாயோட "கேரி ஆன்"னு சொல்லி அனுப்பிருவாரு. மூணு மாசம் காணாமப் போயிட்டு, வைவாவுக்கு முந்தின நாளு 90 பக்கத்தத் தூக்கிட்டு நின்னா, அவருக்கும் ஊடு வாசல் இருக்குதில்ல? காசு கட்டுனா ரண்டு நாள்ல ஏத்தி விடற ஜர்னல் பத்தி நான் பேசறதில்லை. எங்க ஊர்ல செகண்ட்ஸ் வித்தா செகண்ட்ஸ்னுதான் சொல்லி விக்கறோம். எழுதறதையும் கடைசிக்கு வைக்காதே. அளந்த அன்னைக்கே, கை ஈரம் காயறதுக்குள்ள, நூல் எந்த மில்லு, லாட் நம்பர் என்ன, மிசின் டயா என்ன, கேஜ் என்ன, எந்தப் பக்கம் சுத்துதுன்னு நோட்டுல எழுதிரோணும். ஆறு மாசம் கழிச்சு அந்த மிசின்காரனக் கேட்டா, அவன் அந்த மிசினையே வித்திருப்பான்.

இத்தனையும் கேட்டுட்டு என்ற டீ-சர்ட்டையும் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டான். "சாம்பிளுங்"னு ஒரே வார்த்தை.

அடுத்த ஞாயித்துக்கெழமை வந்தான். லேப்டாப்பக் காணோம், கையில ஒரு ரூல்டு நோட்டு. ஹாஸ்டல்ல பதினோரு பேரோட டீ-சர்ட்ட வாங்கி விரிச்சு, ஒவ்வொண்ணையும் மூணு தடவ அளந்து எழுதியிருந்தான். 4, 6.5, 3, 9... கட்டம் கோணலா இருந்துச்சு, மேல டீ கறை. எனக்குப் புடிச்சுது.

"அப்பாரு, பத்துச் சட்டையில தையல் ஒரே பக்கமா வெலகுதுங். இந்த ஒண்ணுல மட்டும் எதிர்ப்பக்கம் போகுதுங். எதுக்குங்?"

எனக்குத் தெரியலை. நாப்பது வருசம் மிசினோட பொழங்கியும் அத நின்னு பாத்ததில்லை. நூல எதிர்ப்பக்கம் முறுக்கியிருப்பானா, மிசின் சுத்துன பக்கமா, இல்லை டெய்லரு தெக்கும்போதே இழுத்து வெச்சுத் தெச்சுட்டானா?

"தெரியும். சொல்ல மாட்டேன்"னேன்.

அதுக்குள்ள எங்கூட்டு அம்மிணி, அவன் திருப்பிக் குடுத்த என்ற டீ-சர்ட்டக் கொடியில போடறேன்னு தூக்கிப் புடிச்சவ, வெளிச்சத்துல என்னைப் பாத்தா. முதுகுல சரியா ஜிஎஸ்எம் கட்டர் அளவுக்கு வட்டமா ஒரு சன்னலு.

"இதென்னங், எலி கடிச்சாலும் இப்படி ரவுண்டாவா கடிக்கும்?"

பேரன் காதுல அது விழலை. திண்ணையில உக்காந்து, அந்த எதிர்ப்பக்கத்துச் சட்டையில இருந்து ஒரு நூல உருவி, ரண்டு வெரல்ல புடிச்சு, எந்தப் பக்கம் திருகுனா முறுக்குப் பிரியுதுன்னு பாத்துட்டிருந்தான்.